ஒரே காடு, நாலு சம்பங்கி... தராசு சொன்னது என்ன?

‘சம்பங்கி நடலாம் என்று இருக்கிறேன். எந்த ரகம் நல்லது?’

ஆனி மாதம் நெருங்கினால் போதும், இந்தக் கேள்வி தவறாமல் வந்துவிடும். ‘பிரஜ்வல் போடுங்கள்’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். பூ மார்க்கெட்டில் விசாரித்தாலும், பக்கத்துக் காட்டில் கேட்டாலும் அந்தப் பதில்தான் கிடைக்கும். பெரும்பாலும் அது சரியான பதிலும்கூட. ஆனால், ஏக்கருக்கு சுமார் 45,000 கிழங்கு ஊன்ற வேண்டிய பயிர் இது. ஒரு கிழங்கு 25 கிராம் என்றாலும் ஒரு டன்னுக்கு மேல் விதைக்கிழங்கு வாங்க வேண்டும். ஊன்றிவிட்டால் இரண்டு, மூன்று வருடங்களுக்கு நிலம் அதற்கே சொந்தம். நெல்லில் ரகம் தப்பினால் ஒரு போகத்தோடு போகும். சம்பங்கியில் அப்படி இல்லை.

ஈரோடு மாவட்டம், சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு குடும்பம், ஏக்கர் முழுக்க நடுவதற்கு முன்னால் 3 சென்ட் நிலத்தில் நாலு ரகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை. முதல் முறை வந்த முடிவு தப்பு என்று அவர்களே கண்டுபிடித்ததுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம். ‘எங்க பேரெல்லாம் போட வேண்டாமுங்க. மூணு சென்ட்டுல ஆராய்ச்சி பண்றாங்கன்னு ஊருக்குள்ள ஏற்கெனவே சிரிச்சாச்சு’ என்று கேட்டுக்கொண்டதால் பெயர்கள் இல்லை.

மாமனாரின் பூவும் மருமகளின் நோட்டும்

வீட்டில் பெரியவருக்கு 70 வயது தாண்டிவிட்டது. சத்தியமங்கலம் வட்டாரத்தில் மல்லிகைக்கு அடுத்தபடியாகச் சம்பங்கி பரவிய காலத்திலிருந்து பூ பறிக்கிறவர். அவர் வைத்திருந்தது பழைய சிங்கிள் ரகம். ஒரே அடுக்கு இதழ், வெள்ளை வெளேர் என்ற பூ, ராத்திரி களத்தில் படுத்தால் காடு முழுக்க மணக்கும். அந்தக் காட்டில் சில வருடங்களாகப் பூ குறைந்துகொண்டே வந்தது. தண்டு குட்டையாகி, ஒரு தண்டில் நிற்கும் பூவும் குறைந்தது. புதிதாக ஒரு ஏக்கர் நடுவது என்று முடிவானபோது மகன் பிரஜ்வல் என்றார். பெரியவர் பழைய கிழங்கையே பிரித்து நடலாம், காசு மிச்சம் என்றார்.

மருமகள்தான் இடையில் புகுந்தார். மஞ்சள் விலை விழுந்த வருடத்தில் அடகுக்குப் போன அவருடைய நகை அப்போதுதான் மீண்டு வந்திருந்தது. கிழங்கு வாங்க மறுபடியும் அதுதான் போக வேண்டும்.

‘மாமா, நீங்க சொல்றதும் இருக்கட்டும், அவர் சொல்றதும் இருக்கட்டும். ஒரு வருஷம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துரலாமுங்க. எது கூடக் காய்ச்சலோ அதுக்கு நகையைக் குடுக்கறேன்.’

‘பூவு காய்க்குமா கண்ணு?’ என்று பெரியவர் சிரித்திருக்கிறார். ஆனாலும் கிணற்றை ஒட்டி 3 சென்ட் ஒதுக்கிக் கொடுத்தார்.

நாலு ரகங்கள், நாலு குணம்

நட்டவை இவை: வீட்டிலேயே இருந்த பழைய சிங்கிள், ஸ்ரீங்கார், பிரஜ்வல், சுவாசினி. பின்னால் சொன்ன மூன்றும் பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டவை. இவற்றின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் காட்டில் அவை நடந்துகொள்ளும் விதம் பாதி புரிந்துவிடும்.

சிங்கிள் ரகத்தையும் டபுள் ரகத்தையும் சேர்த்து உண்டாக்கியது ஸ்ரீங்கார். பூ ஒரே அடுக்குதான். மொட்டில் லேசாக இளஞ்சிவப்பு படிந்திருக்கும். வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்குவது இதன் பெரிய பலம். அந்த ஸ்ரீங்காரோடு மெக்ஸிகன் சிங்கிளைச் சேர்த்ததில் வந்தது பிரஜ்வல். தண்டு உயரம், விறைப்பாக நிற்கும். பூ சாதாரண சிங்கிளைவிடப் பெரிது. ஸ்ரீங்காரைவிட 20 சதவிகிதம் அளவுக்குக் கூடுதல் உதிரிப்பூ தரும் என்று சொல்லித்தான் இதை வெளியிட்டார்கள். உதிரிக்கும் ஆகும், தண்டோடு வெட்டி கொய்மலராகவும் விற்கலாம். சுவாசினியும் சிங்கிளும் டபுளும் சேர்ந்த பிள்ளைதான், ஆனால் இது டபுள் பக்கம் போய்விட்டது. பல அடுக்கு இதழ்கள், பருத்த பூ. பார்த்தவர்கள் நின்று பார்ப்பார்கள்.

டபுள் ரகங்களில் வைபவ் என்று இன்னொன்றும் உண்டு. அது பாதி அடுக்கு ரகம், மொட்டு பச்சை சாயலில் இருக்கும். இந்தக் குடும்பம் அதை நடவில்லை.

சம்பங்கி நம் ஊர்ப்பூ இல்லை. மெக்ஸிகோவிலிருந்து வந்தது. வேலியோரம் நிற்கிற ரயில் கற்றாழைக்கு நெருங்கிய சொந்தம். அதனால்தான் கொஞ்சம் வறட்சியைத் தாங்குகிறது. அதனால்தானோ என்னவோ, நம்மவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால்கூட ஏதோ நாலு பூ கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்த ‘நாலு பூ’தான் பல காடுகளில் நஷ்டத்தை மூடி மறைக்கிறது.

முதல் வருடம்: ஜெயித்தது ரகமா, கிழங்கா?

ஆனியில் நாலு பாத்தி போட்டார்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு பாத்தி, கிணற்றிலிருந்து வரிசையாக. வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டர். எல்லாவற்றுக்கும் ஒரே தொழுவுரம், ஒரே தண்ணீர். மூன்று மாதத்தில் பூத்தண்டு வர ஆரம்பித்தது. கார்த்திகைக்குள் முடிவு தெரிந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். பிரஜ்வல் பாத்தி மற்றவற்றை விட்டு எங்கேயோ போய்விட்டது. பழைய சிங்கிள் பாதிகூட இல்லை.

மகன் அடுத்த வாரமே கிழங்குக்கு முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் மருமகளுக்கு ஒரு சந்தேகம். பிரஜ்வல் பாத்தி கிணற்றுக்கு முதல் பாத்தி. வாய்க்கால் மடை திறந்ததும் முதல் தண்ணீர் அதற்குத்தான். கடைசிப் பாத்தி பழைய சிங்கிள். பல நாள் அதற்குத் தண்ணீர் எட்டுவதற்குள் மின்சாரம் போயிருக்கிறது.

வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேட்டபோது அங்கிருந்த விஞ்ஞானி இன்னொரு கேள்வியைப் போட்டார். ‘கிழங்கு எல்லாம் ஒரே எடையா?’ இல்லை. பிரஜ்வல் கிழங்கு காசு கொடுத்து வாங்கியது, ஒவ்வொன்றும் முழுசு முழுசாக இருந்தது. சிங்கிள், பழைய காட்டில் தோண்டியது. பாதி சின்னக் கிழங்கு. சம்பங்கியில் 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குதான் நடவுக்கு ஏற்றது. அதைவிடச் சிறியது முதல் வருடம் இலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பூ தாமதமாகத்தான் வரும்.

மூன்றாவது தப்பு மண்வெட்டியில் தெரிந்தது. சிங்கிள் தூர் ஒன்றைத் தோண்டி, வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு. பழைய காட்டிலிருந்து கிழங்கோடு நூற்புழுவும் சேர்ந்து வந்திருந்தது.

அதாவது, அந்த வருடம் போட்டி போட்டது நாலு ரகங்கள் அல்ல. பெரிய கிழங்கும் சின்னக் கிழங்கும், முதல் மடையும் கடைசி மடையும், சுத்தமான வேரும் புழு பிடித்த வேரும்தான் போட்டி போட்டன.

‘அப்ப எங்க சிங்கிளு தோக்கலையே?’ என்று பெரியவர் கேட்டாராம். அவருக்கு ஒரே சந்தோஷம்.

‘ஜெயிக்கவும் இல்லீங்க மாமா’ என்றார் மருமகள்.

இரண்டாவது வருடம்: சிதறிப் போட்ட பாத்திகள்

அடுத்த ஆனியில் வேறு இடத்தில் 3 சென்ட் எடுத்தார்கள். ஒரு சென்ட்டுக்குச் சுமார் 450 கிழங்கு பிடிக்கும் என்பதால், ரகத்துக்கு 300 வீதம் 1,200 கிழங்குகள். இந்த முறை ஒரு ரகத்துக்கு ஒரே பாத்தி இல்லை. நூறு நூறாக மூன்று சின்னப் பாத்திகள், மூன்று வேறு வேறு இடங்களில். ஒன்று மடைக்குப் பக்கத்தில், ஒன்று நடுவில், ஒன்று கடைசியில். எந்த இடத்தில் எந்த ரகம் என்பதைச் சீட்டு எழுதிப் போட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பேத்தியை எடுக்கச் சொல்லி முடிவு செய்தார்கள். இப்படிச் செய்தால் நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லா ரகத்துக்கும் பங்காகப் போகும். ஆராய்ச்சி நிலையங்களில் செய்வதும் இதையேதான்.

கிழங்கை எல்லாம் தராசில் போட்டு, 25 முதல் 30 கிராம் வரை உள்ளதை மட்டும் பொறுக்கினார்கள். சிங்கிள் கிழங்கைப் பழைய காட்டில் எடுக்காமல், வேர் சுத்தமாக இருந்த வேறு தோட்டத்தில் வாங்கினார்கள். தோண்டி எடுத்த கிழங்கை உடனே நடாமல் ஒரு மாதம் நிழலில் ஆற வைத்து, இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினார்கள். வாய்க்கால் பாசனத்தை நிறுத்திவிட்டு அந்த 3 சென்ட்டுக்கு மட்டும் சொட்டுநீர்க் குழாய் இழுத்தார்கள்.

சிரமம் பூ பறிப்பில்தான் இருந்தது. விடியற்காலை 4 மணிக்குத் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பறிக்க வேண்டிய பூ இது. ஏல நேரத்துக்கு மூட்டை மார்க்கெட்டில் இருக்க வேண்டும். அந்த அவசரத்தில் நாலு ரகத்துக்கும் நாலு கூடை. ‘ஒரே பூவுக்கு எதுக்கு அம்மிணி நாலு கூடை? எல்லாம் மாலைக்குத்தானே போகுது’ என்று கூட வந்த பெண்கள் அலுத்துக்கொண்டார்கள். ஒருநாள் இருட்டில் இரண்டு கூடை கலந்துவிட்டது. மருமகள் அன்றைய பக்கத்தில் எடையை உத்தேசமாக எழுதாமல் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டார். அந்த நோட்டில் அப்படி மூன்று கோடுகள் இருக்கின்றன. மற்ற பக்கங்களை நம்பலாம் என்பதற்கு அந்த மூன்று கோடுகளே சாட்சி.

பூ வந்த பிறகு இன்னொன்றும் தெரிந்தது. பிரஜ்வல் என்று வாங்கிய கிழங்கில் கொஞ்சம், மொட்டில் சிவப்பு சாயலே இல்லாமல் வெள்ளையாகப் பூத்தது. விற்றவர் கலப்படக் கிழங்கைக் கொடுத்திருக்கிறார். கிழங்கைப் பார்த்து ரகம் கண்டுபிடிப்பது யாராலும் ஆகாத காரியம். மொட்டுதான் காட்டிக்கொடுக்கும். கலப்புச் செடிகளைச் சாயக்குச்சி ஊன்றி அடையாளம் வைத்து, அவற்றின் பூவைக் கணக்கில் சேர்க்கவில்லை. 300 செடியில் இது சின்ன விஷயம். 45,000 கிழங்கில் இப்படி நடந்திருந்தால்?

வருடக் கடைசியில் நோட்டு

ஒரு வருடம் முழுக்க எடை போட்டதில் பிரஜ்வல்தான் முதலில் வந்தது. ஆனால், முதல் வருடம் போல மற்றவற்றை எங்கேயோ விட்டுவிட்டு வரவில்லை. ஸ்ரீங்கார் கூடவே ஓடி வந்தது. பழைய சிங்கிள் மூன்றாவது என்றாலும், நல்ல கிழங்கும் சுத்தமான வேரும் கிடைத்ததில் பெரியவர் காட்டில் பார்த்ததைவிட ரொம்பவே தெளிச்சியாக இருந்தது. பிரஜ்வல் எடையில் முந்தியதற்குக் காரணம் தண்டின் எண்ணிக்கை மட்டும் அல்ல. ஒவ்வொரு பூவும் பருமன். கிலோ கணக்கில் விற்கிற பொருளுக்கு அது நேரடி லாபம். மாலை கட்டுகிறவர்களுக்கு ஒரு கிலோவில் பூ எண்ணிக்கை குறையும் என்பதால் அவர்கள் முணுமுணுப்பது உண்டு. ஆனாலும் ஏலத்தில் இரண்டுக்கும் தனித்தனி விலை வைக்கவில்லை.

எல்லோரும் ஆசைப்பட்ட சுவாசினிதான் கடைசி. செடியின் குற்றம் அல்ல. அது தண்டோடு வெட்டி, கீழ்ப்பூ ஒன்றிரண்டு ஜோடி விரிந்ததும் கட்டுக் கட்டாக நகரத்துக்கு அனுப்ப வேண்டிய ரகம். பூங்கொத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் போகும். உதிரிப்பூ ஏலத்தில் கொண்டுபோய்க் கொட்டினால் சீந்துவாரில்லை. தினம் கொய்மலர் எடுக்கிற வியாபாரி பக்கத்தில் இல்லாத ஊரில் டபுள் ரகம் நடுவது, ரேஷன் கடையில் பட்டுச்சேலை விற்கப் போவது மாதிரி.

மார்கழிக் குளிரில் நாலுமே குறைந்தன. அந்தச் சமயத்தில் வரத்துக் குறைவதால் விலை ஏறும். முகூர்த்த நாட்களிலும் ஆயுத பூஜைக்கும் கிலோ 100 ரூபாயைத் தாண்டுகிற பூ, ஆடியில் பறிகூலிக்குக்கூடக் கட்டாத நாட்கள் உண்டு. அதனால் மருமகள் நோட்டில் எடைக்குப் பக்கத்திலேயே அன்றைய விலையையும் எழுதி வைத்தார். வருடக் கடைசியில் கிலோவைக் கூட்டாமல் ரூபாயைக் கூட்டினார். அப்படிப் பார்த்தபோதும் வரிசை மாறவில்லை. மாறியிருந்தால் அதைத்தான் நம்பியிருக்க வேண்டும். நாலு மாதம் மட்டும் பார்த்துவிட்டு ரகத்தை முடிவு செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு கிடைக்கவே கிடைக்காது.

விலை விழுந்த நாட்களில் மிஞ்சுகிற பூ வாசனை ஆலைக்குப் போகிறது. அங்கே ஒரு டன் பூவிலிருந்து ஒரு கிலோ அளவுக்குத்தான் மெழுகு போன்ற ‘கான்கிரீட்’ கிடைக்கும். சென்ட் தயாரிக்க அதுதான் மூலப்பொருள். அதற்கு ஒற்றை அடுக்குப் பூதான் ஏற்றது. டபுளில் வாசம் குறைவு.

கிழக்கு மூலை

நோட்டைப் புரட்டும்போது ஒரே ஒரு பாத்தி மட்டும் உறுத்தியது. கிழக்கு மூலையில் இருந்த பிரஜ்வல் பாத்தி, மற்ற இரண்டு பிரஜ்வல் பாத்திகளைவிட ரொம்பக் குறைவு. அந்த மூலையில் மட்டும் ஸ்ரீங்கார்தான் முதல். தோண்டிப் பார்த்தால் பழைய சிங்கிள் வேரில் நிறைய முடிச்சு, ஸ்ரீங்கார் வேரில் கொஞ்சம்தான். விசாரித்ததில், முன்பு அந்த மூலையில் தக்காளியும் கத்திரியும் மாறி மாறிப் போட்டிருந்தார்கள். இரண்டுமே வேர்முடிச்சு நூற்புழுவுக்கு விருந்து வைக்கிற பயிர்கள். பாத்திகளைச் சிதறிப் போடாமல் இருந்திருந்தால், இது கண்ணிலேயே பட்டிருக்காது.

நூற்புழுவைத் தாங்கும் என்றால் புழுவே வராது என்று அர்த்தம் இல்லை. புழு இருந்தும் பூ கொடுக்கும் என்றுதான் அர்த்தம். அதனால் இந்த வருடம் நடுவதற்கு முன் அந்த மூலையில் ஒரு போகம் செண்டுமல்லி விட்டு மடக்கி உழுதிருக்கிறார்கள். வேப்பம் பிண்ணாக்கும் போட்டிருக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன்னால்

அவர்களுடைய 1,200 கிழங்கு ஒரு வருடத்தில் தூர் கட்டிப் பெருகினாலும், ஏக்கர் முழுக்க நடப் போதாது. அதனால் வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது. இந்த முறை கிழங்கை மூட்டையில் பார்த்து வாங்கவில்லை. பூக்கிற பருவத்திலேயே விற்கிறவர் தோட்டத்துக்குப் போய், மொட்டைப் பார்த்து, நாலைந்து தூரைத் தோண்டி வேரை அலசிப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தார்கள். தோட்டக்காரர் தோண்டக் கூடாது என்று சொன்ன இரண்டு இடங்களில் வாங்காமலே திரும்பிவிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டுச் சொந்தமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு 3 சென்ட்கூட வேண்டாம். இரண்டு ரகம், ரகத்துக்கு ஐம்பது கிழங்கில் மூன்று பாத்தி போதும். ஒரே எடைக் கிழங்கு, சிதறிய பாத்தி, தனிக்கூடை, ஒரு நோட்டு. வயல் ஓரத்து வரிசைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓரத்துச் செடிக்கு வெயிலும் இடமும் கூடுதல், அது எப்போதும் பொய்க்கணக்கு காட்டும். செம்மண்ணில் பார்த்ததைக் களிமண் காட்டுக்குப் பொருத்தவும் வேண்டாம். தண்ணீர் தேங்குகிற இடத்தில் எந்த ரகமாக இருந்தாலும் தூர் அழுகிப் போகும்.

இந்த ஆனியில் அந்தக் குடும்பம் முக்கால் ஏக்கருக்கு மேல் பிரஜ்வலும், கிழக்கு மூலையில் ஸ்ரீங்காரும் ஊன்றியிருக்கிறது. நகை அடகுக்குப் போயிருக்கிறது. கூட்டுறவு வங்கியில் வைத்தது, அடுத்த ஆயுத பூஜைக்குள் மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார் மருமகள். சுவாசினி கிழங்குகள் வீட்டு வாசலுக்கு இடம் மாறிவிட்டன.

களத்து மேட்டை ஒட்டி ஒரு பாத்தி மட்டும் பழைய சிங்கிள். அதற்கு நோட்டில் பக்கம் இல்லை, எடையும் போடுவதில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பெரியவர் கயிற்றுக் கட்டிலை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.